தங்கச்சிக்கு வாங்கிய கூரை

எங்கள் தெருவில் மின்சாரக் கட்டணப் பட்டியல் பெரும்பாலும் மௌத்தானவர்களின் பெயரில்தான் வரும். வீடு மகளுடையதாக இருக்கும். தண்ணீர்ப் பட்டியல் வாப்பாவின் பெயரில் இருக்கும். மின்சாரமோ கபுறடியில் அடக்கி இருபது வருடமான மூத்தவாப்பாவின் பெயரில் ஓடிக்கொண்டிருக்கும். யாரும் அதை மாற்றப் போவதில்லை. பட்டியல் கொண்டுவருகிறவரும் கேட்பதில்லை.

கல்முனைப் பக்கத்தில் கடலை ஒட்டி வாழ்கிற எங்களுக்குள் வழக்கம் இப்படித்தான். பெண் பிள்ளை வளர வளர வாப்பா வீடு கட்டுவார். கலியாணத்துக்கு முன் அதை அவளுடைய பெயருக்கு உறுதிப்பத்திரம் எழுதிக் கொடுப்பார். மாப்பிள்ளை உடுப்புப் பெட்டியோடு வந்து அந்த வீட்டில் குடியேறுவார். கொடுத்தவர்கள் பின் அறைக்கு நகர்ந்து, அடுத்த மகளுக்கு அத்திவாரம் வெட்டத் தொடங்குவார்கள். மூன்று மகள் என்றால் மூன்று தடவை நகர வேண்டும். ஆண் பிள்ளைகளை மட்டும் பெற்றவர்களை எங்கள் ஊரில் எல்லோரும் கொஞ்சம் பொறாமையோடுதான் பார்ப்பார்கள்.

எங்கள் வாப்பாவுக்கு இரண்டு மகள். நான் மூத்தவள். ஒரு பாடசாலையில் கணிதம் படிப்பிக்கிறேன். விடை பிழைத்தால் எனக்குக் கோபம் வரும், யார் பிழைத்தாலும் வரும். இந்த விஷயத்தில் பிழைத்தவர் வாப்பா என்பதால் அந்தக் கோபத்தை எங்கே கொண்டுபோய் வைப்பதென்று எனக்கு இன்னும் தெரியவில்லை.

நாங்கள் இருக்கிற வீடு சுனாமி கொண்டுபோன வீட்டின் அத்திவாரத்தில் வங்கிக் கடன் எடுத்து வாப்பா கட்டியது. கடன் தந்த வங்கிதான் வீட்டுக்குக் காப்புறுதி வேண்டும் என்றது. அப்படித்தான் அந்தப் பத்திரம் எங்கள் வீட்டுக்குள் வந்தது. கடன் முடிந்து உறுதி கைக்கு வந்த பிறகும் வாப்பா காப்புறுதியை விடவில்லை. பள்ளிவாசலில் கூட்டாளிமார் கேலி செய்தார்கள். அல்லாஹ் பாதுகாக்கிறது போதாதென்றா கொழும்புக்காரனுக்கும் காசு கட்டுகிறாய் என்று ஒருவர் முகத்துக்கு நேரே கேட்டார். வாப்பா கோபிக்கவில்லை.

"முந்தி பேங்குக்குப் பயந்து கட்டினன். இப்ப கடலுக்குப் பயந்து கட்டுறன்" என்றார்.

வாப்பா அரசாங்க அலுவலகம் ஒன்றில் எழுதுவினைஞராக இருந்து ஓய்வு பெற்றவர். படிவம் நிரப்புவதில் அவருக்கு ஒரு கெத்து. தெருவில் யாருக்கு அடையாள அட்டை வேண்டுமென்றாலும், கடவுச்சீட்டு வேண்டுமென்றாலும், ஓய்வூதியத்தில் சிக்கல் என்றாலும் எங்கள் முன் மண்டபத்துக்குத்தான் வருவார்கள். அவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, பெரிய எழுத்தில் எழுத வேண்டிய இடத்தில் பெரிய எழுத்தில் எழுதி, கோடு கீற வேண்டிய இடத்தில் கோடு கீறுவார். ஒரு படிவமும் திரும்பி வந்ததில்லை என்று சொல்லிக்கொள்வார்.

காப்புறுதிக்காரர்களின் புதுப்பித்தல் கடிதம் வருடா வருடம் வரும். முதலில் ஒரே தொகையாக இருந்தது. பிறகு புயலுக்கு வேறாகக் கட்ட வேண்டும் என்றார்கள். பிறகு வெள்ளத்துக்கு வேறாக. பிறகு கடலிலிருந்து வீடு எவ்வளவு தூரம் என்று கேட்டு, அதற்கும் ஒரு தொகையை ஏற்றினார்கள். வங்காள விரிகுடாவில் எங்காவது ஒரு தாழமுக்கம் உருவானால் அது எங்கள் பக்கம் வராமல் போனாலும் அடுத்த கடிதத்தில் தொகை கூடியிருக்கும். கூடக் கூட, தருவோம் என்று சொன்னவை குறைந்தன. முதல் நட்டத்தில் இவ்வளவை நீங்களே ஏற்க வேண்டும், கடல் தண்ணீர் தள்ளிய மதிலுக்குத் தர மாட்டோம், பழைய கூரைக்கு முழுசாகத் தர மாட்டோம்.

"கடல் என்னமோ இருந்த இடத்திலதான் இரிக்கி. இவனுகள்தான் அத வருசா வருசம் நம்மட வாசலுக்குக் கொண்டு வாறானுகள்" என்று வாப்பா புறுபுறுப்பார். புறுபுறுத்துக்கொண்டே போய்க் கட்டிவிட்டு வருவார். பற்றுச்சீட்டைப் பச்சை நிறக் கோப்பில் துளை போட்டுச் செருகுவார்.

சென்ற வருடக் கடைசியில் அந்தப் புயல் வந்தபோது வீட்டில் ஏழு பேர் இருந்தோம். நானும் என் புருசனும் எங்கள் இரண்டு பிள்ளைகளும், பின்னால் இரண்டு அறைகளில் வாப்பா, உம்மா, தங்கச்சி. தங்கச்சிக்கு நிந்தவூரில் மாப்பிள்ளை பேசி, நோன்புப் பெருநாள் கழிந்து கலியாணம் என்று முடிவாகியிருந்தது. அவளுடைய வீடு எங்கள் வளவின் பின்பாதியில் சுவர் மட்டும் எழும்பி நின்றது. கூரைக்கான தகட்டுச் சீற்றுகளை வாப்பா வாங்கி, அந்த வீட்டின் நடு அறையில் தறப்பாள் போட்டு மூடி அடுக்கி வைத்திருந்தார். ஓய்வு பெறும்போது கிடைத்த பணத்தில் மிஞ்சியது அந்த அடுக்குத்தான். அதற்கு மேல் வாப்பாவிடம் ஒன்றும் இல்லை என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும்.

காலையில் பிள்ளைகளுக்குத் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்தேன். பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் கடற்கரையோரம் உள்ளவர்கள் பாடசாலைக்குப் போகச் சொன்னார்கள். என் புருசன் வானை எடுத்து வந்து வாசலில் நிறுத்தினார். அவர் வாடகை வான் ஓட்டுகிறவர், அதிகம் பேச மாட்டார். நாங்கள் ஏறிக்கொண்டிருக்கும்போதே முன் மண்டபத்தின் மேல் ஒரு சீற் எழும்பி எழும்பி விழுந்தது, கொதி வந்த பானையின் மூடி ஆடுவதுபோல. பிறகு எழும்பியது விழவில்லை. அதற்குப் பிறகு ஒவ்வொன்றாகப் போனதை நான் பார்க்கவில்லை. பிள்ளைகளின் தலையை மடியில் அமுக்கிப் பிடித்திருந்தேன்.

இரண்டு நாள் கழித்துத் திரும்பி வந்தபோது வீட்டின் மேல் வானம் தெரிந்தது. கூரையின் கைமரங்கள் சில நின்றன. கடல் பக்கத்து மதில் விழுந்து கிடந்தது. அலுமாரிக்குள் இருந்த உடுப்பெல்லாம் உப்புத் தண்ணீரில் ஊறியிருந்தன. பின்வளவில் தங்கச்சியின் வீட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை. கூரை போடாத வீட்டில் காற்றுக்குப் பிடுங்க என்ன இருக்கிறது. தறப்பாளின் ஒரு மூலை மட்டும் அவிழ்ந்திருந்தது.

வாப்பா அழவில்லை. முதல் வேலையாகப் பச்சைக் கோப்பைத் தேடினார். அது பொலித்தீன் பைக்குள் சுற்றி அலுமாரிக்கு மேல்தட்டில் இருந்தபடியே இருந்தது. "நான் இவ்வளவு காலம் கட்டினது இந்த நாளுக்குத்தான்" என்று உம்மாவைப் பார்த்துச் சொன்னார். அவருடைய முகத்தில் கிட்டத்தட்ட ஒரு சந்தோசம் இருந்தது. எனக்கும் நெஞ்சு தணிந்தது. காப்புறுதிப் பணம் வந்தால் என் கூரை எழும்பும், தங்கச்சியின் சீற்றுகள் அவளுக்கே இருக்கும், கலியாணம் சொன்ன நேரத்தில் நடக்கும் என்று உம்மா விரல் விட்டுச் சொன்னா. அப்போது அது அவ்வளவு இலேசாகத்தான் தெரிந்தது.

காப்புறுதிக்காரர்களுக்குத் தொலைபேசியில் சொன்னோம். மதிப்பீட்டாளர் வரும்வரை ஒன்றையும் தொட வேண்டாம், படம் எடுத்து வையுங்கள் என்றார்கள். படம் எடுத்தோம். அவர் வர பதினொரு நாள் ஆனது. அதுவரை கைமரங்களுக்கு மேல் தறப்பாள் கட்டி அதற்குக் கீழே படுத்தோம். மாரி மழை நிற்கவில்லை. தறப்பாள் நடுவில் தண்ணீர் தேங்கித் தொங்கும், என் புருசன் விளக்குமாற்றுக் காம்பால் குத்திக் குத்தி வெளியே தள்ளுவார். சின்னவனுக்கு இருமல் பிடித்தது. மூத்தவளுடைய பாடப்புத்தகங்கள் அப்பம்போல ஊதிப் போயின. நான் பாடசாலைக்குப் போய் மற்றவர்களின் பிள்ளைகளுக்குச் சதுரத்தின் பரப்பளவு படிப்பித்துவிட்டு வந்தேன்.

மதிப்பீட்டாளர் வெளியூர்க்காரர், மோசமான மனிதர் இல்லை. அளவுநாடாவோடு வந்து எல்லா அறையும் அளந்தார். பிறகு வாப்பாவிடம் கேட்டார்.

"ஐயா, மதில் விழுந்தது காற்றாலயா, கடல் தண்ணியாலயா? எது முதல்ல வந்தது?"

"மகன், ரெண்டும் வரிசையில நிண்டு வரல்ல" என்றார் வாப்பா.

அவர் சிரித்துவிட்டு, தண்ணீர் என்று எழுதிக்கொண்டார். அதனால் மதில் கழிந்தது. சீற்றுகள் பழையவை என்று இன்னொரு பகுதி கழிந்தது. நாங்களே ஏற்க வேண்டிய பங்கு கழிந்தது. அப்படியும் மிச்சமாகத் தேறுவது கூரைக்குப் போதும் என்று நான் அன்று மாலையே கணக்குப் பார்த்தேன். போகிறபோது வீட்டு உறுதியின் பிரதி ஒன்று வேண்டும் என்றார். உறுதி என்னிடம்தான் இருந்தது. நானே பட்டணத்துக்குப் போய், மூலை மடங்காமல் பிரதி எடுத்து, அலுவலகத்தில் கொடுத்துவிட்டு வந்தேன். என் கையாலேயே கொடுத்தேன் என்பதை இப்போதும் நினைத்துக்கொள்வேன். முதல் பக்கத்திலேயே என் பெயர் இருந்தது. எனக்கு அது வித்தியாசமாகப் படவில்லை. என் வீடு, என் பெயர், வாப்பாவின் காப்புறுதி. மூன்றும் ஒன்றோடொன்று பொருந்தவில்லை என்று கணிதம் படிப்பிக்கிற எனக்குத் தோன்றவே இல்லை.

ஒரு மாதம் கழித்துக் கடிதம் வந்தது. ஒரே பக்கம், ஆங்கிலத்தில். வாப்பா என்னிடம் தந்து வாசிக்கச் சொன்னார். அவருக்கு ஆங்கிலம் தெரியும். ஆனால் முக்கியமான கடிதங்களை இன்னொருவர் வாசித்துக் கேட்பது அவருடைய பழக்கம். நான் தமிழில் சொல்லிக்கொண்டு வந்தேன். நட்டம் நேர்ந்த நாளில் காப்புறுதிதாரருக்கு அந்த வீட்டு ஆதனத்தில் எந்த உரித்தும் இருக்கவில்லை, ஆகவே கோரிக்கையை ஏற்க முடியாது.

"இன்னொரு தரம் வாசிங்க" என்றார்.

வாசித்தேன்.

"எந்த உரித்தும் எண்டா?"

நான் கடிதத்தை மடித்தேன். அவர் எழுந்து, அவர் பூசிய சுவருக்குப் பக்கத்தில், அவர் வைத்த ஜன்னலுக்கு முன்னால் கொஞ்ச நேரம் நின்றார். பிறகு வெளியே போய்ச் செருப்பைப் போட்டுக்கொண்டார். எங்கே போகிறீர்கள் என்று உம்மா கேட்டதற்கு, சும்மாதான் என்றார்.

அடுத்த நாள் நானும் வாப்பாவும் காப்புறுதிக் கிளைக்குப் போனோம். அங்கே பொறுப்பாக இருந்தவர் எங்கள் ஆள்தான், முப்பத்தைந்து வயதிருக்கும். எழுந்து ஸலாம் சொல்லி, வாப்பாவுக்குக் கதிரை இழுத்துப் போட்டார். கோப்பைத் திறந்து ஒரு தாளை எங்கள் பக்கம் திருப்பினார். நான் கலியாணம் முடித்த வருடத்துப் புதுப்பித்தல் படிவம் அது. வீடு தொடர்பாக மாற்றம் ஏதும் உண்டா என்று கேட்டிருந்த இடத்தில், இல்லை என்று வாப்பாவின் அழகான எழுத்தில் இருந்தது. கீழே அடிக்கோடும் போட்டிருந்தார்.

"அங்கிள், மகளுக்கு உறுதி எழுதி ஒரு மாசத்தால இத நிரப்பியிருக்கீங்க. மாற்றம் இல்ல எண்டு போட்டிருக்கீங்க."

"என்ன மாற்றம் மகன்? ஊடு அங்கதானே நிக்கிது. மகள்தானே இரிக்கா. நானும் அங்கதானே இரிக்கன்."

"எனக்கு வெளங்குது அங்கிள். நானும் என்ட மனிசிட ஊட்டதான் இரிக்கன். என்ட மாமாவும் இப்பிடித்தான் கட்டிட்டிருக்கார், நேத்துத்தான் போய்ப் பாத்தன். ஆனா கொழும்புல இருக்கிறவங்களுக்கு இது வெளங்காது. குடுத்த ஊட்டுக்கு நீங்க ஏன் கட்டுறீங்க எண்டு கேக்கிறாங்க."

"என்ட மகள் நனையாம இருக்கத்தான் கட்டினன்" என்றார் வாப்பா. அவருடைய குரல் அப்படி மெலிந்து நான் கேட்டதில்லை.

அந்த அதிகாரி கோப்பைப் புரட்டினார். பிறகு, "உறுதியில சீவிய உரித்து வெச்சிரிக்கீங்களா? அது இருந்தா நான் எழுதிக் கேட்டுப் பாக்கலாம்" என்றார்.

சீவிய உரித்து என்றால், வீட்டைப் பிள்ளைக்குக் கொடுத்தாலும் கொடுத்தவர் உயிரோடு இருக்கும்வரை அதில் இருக்கவும் அனுபவிக்கவும் அவருக்கு உரிமை உண்டு என்று உறுதியில் எழுதி வைப்பது. பிரதி அந்தக் கோப்பிலேயே இருந்தது. அவர் பார்க்காமல் கேட்கவில்லை, எங்களுக்கு வேறு உறுதி ஏதும் இருக்குமா என்றுதான் கேட்டார். வாப்பா மேசையைப் பார்த்துக்கொண்டு, "இல்ல" என்றார்.

அது ஏன் இல்லை என்பது எனக்குத் தெரியும். உறுதி எழுதிய அன்று நொத்தாரிசுவின் வீட்டில் நானும் இருந்தேன். முன் அறையில் வாப்பாவும் எனக்கு மாமாவாக வரப்போகிறவரும் எதிரெதிரே இருந்தார்கள். நானும் உம்மாவும் திரைச்சீலைக்கு உள்பக்கம். நொத்தாரிசு வாசித்துக்கொண்டே வந்து, "சீவிய உரித்த ஒங்களுக்கு வெச்சி எழுதுறதானே? எல்லாரும் வெக்கிறதுதான்" என்றார். வாப்பா ஒரு கணம்கூட யோசிக்கவில்லை. "குடுத்தா முழுசாக் குடுக்கிற. ஒரு கைய அதுக்குள்ள வெச்சிக்கொண்டு நான் குடுக்கிறல்ல" என்றார். மாமா அடக்கமாகத் தலையைக் குனிந்துகொண்டார். ஆனால் வீட்டுக்குப் போய்ப் பத்துப் பேரிடமாவது சொல்லியிருப்பார். திரைச்சீலைக்குப் பின்னால் நான் பெருமையில் பூரித்துப் போனேன். என் வாப்பாவைப்போல ஊரில் யாரும் இல்லை என்று நினைத்தேன். அந்த ஒரு வாய்ச்சொல்லால் வந்த பெருமைக்குத்தான் நாங்கள் இப்போது தறப்பாளுக்குக் கீழே இருந்தோம்.

வீட்டுக்கு வந்து நான் கத்தினேன். மறைக்க ஒன்றுமில்லை, கத்தத்தான் செய்தேன். தெருவுக்கே படிவம் நிரப்புகிறவர் தன் படிவத்தை வாசிக்கவில்லையா, ஆட்களுக்கு முன்னால் பெரிய மனிசனாக வேண்டும் என்றால் அதற்கு முதல் எங்களிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா என்றெல்லாம் சொன்னேன். வாப்பா பச்சைக் கோப்பை எடுத்துக்கொண்டு பின் அறைக்குப் போனார். என் புருசன்தான், "விடுங்க. என்ட வாப்பா முன்னுக்கு இருந்ததாலதானே அப்பிடிச் சொன்னார்" என்றார். அவர் அவ்வளவு நீளமாகப் பேசியதே எனக்கு ஆச்சரியம். கோபம் போய் வெட்கம் வந்தது. பின் அறைக்குப் போய் மன்னிப்புக் கேட்டேன். வாப்பா என் தலையில் கை வைத்தார். ஆனால் அன்றிலிருந்து முன் மண்டபத்துக்கு அவர் வருவது குறைந்தது. வந்தாலும் விருந்தாளி மாதிரிக் கதிரை நுனியில் இருப்பார். படிவம் நிரப்ப வந்தவர்களை, கண் தெரியவில்லை என்று சொல்லி அனுப்பினார்.

மேல் அலுவலகத்துக்கு எழுதினேன். குறை கேட்க ஓர் அதிகாரி இருக்கிறார் என்றார்கள், அவருக்கும் எழுதினேன். கிடைத்தது என்று பதில் வந்தது. அதற்குப் பிறகு ஒன்றும் வரவில்லை. காசோலை ஒன்று மட்டும் வந்தது, அந்த ஒரு வருடம் கட்டியதைத் திருப்பி அனுப்பியிருந்தார்கள். சின்னவனை இரண்டு தடவை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். இரண்டாம் தடவை நிறுத்தி வைத்தார்கள். ஈரத்தில் படுக்க விட வேண்டாம் என்று டொக்டர் சொன்னபோது, எங்கே படுக்க வைப்பது என்று அவரிடமே கேட்க வாய் உன்னியது.

பிள்ளையை வீட்டுக்குக் கொண்டுவந்த வெள்ளிக்கிழமை, ஜும்ஆ முடிந்து வாப்பா ஓடாவியாரைக் கூட்டிக்கொண்டு வந்தார். எங்கள் ஊரில் தச்சரை அப்படித்தான் சொல்வோம். இருவரும் நேரே பின்வளவுக்குப் போனார்கள். தறப்பாளை இழுக்கிற சத்தம் கேட்டது. ஓடாவியார் சீற்றுகளை எண்ணிவிட்டு வந்து எங்கள் கைமரங்களை நிமிர்ந்து பார்த்தார். தங்கச்சி குசினி வாசலில் தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். துருவுவதை நிறுத்தினாள். வாப்பா அவளைப் பார்க்காமல், "மூத்தவட ஊட்டுக்குப் போடுங்க. சின்னவட கூரைக்கு மறுகா பாப்பம்" என்றார்.

வேண்டாம் என்று நான் சொல்லியிருக்கலாம். அதைச் சொல்ல வேண்டியவள் நான் ஒருத்திதான். வாப்பாவால் முடியாது, தங்கச்சி சொன்னால் அது கொடுமை போலிருக்கும், உம்மா எந்தப் பக்கம் பேசினாலும் ஒரு மகளுக்கு எதிராகப் பேசியதாகும். எல்லோரும் என் வாயைப் பார்த்தார்கள். தோளில் கிடந்த சின்னவனின் மூச்சு இழுக்கிற சத்தம் என் காதுக்குள் கேட்டுக்கொண்டிருந்தது.

"ஓடாவியார், ஆணி எவ்வளவு வாங்க வேணும்?" என்றேன்.

தங்கச்சி மறுபடியும் துருவத் தொடங்கினாள்.

மூன்று நாளில் கூரை எழும்பியது. புதுச் சீற், ஒழுக்கில்லை. முதல் மழைக்குப் பிள்ளைகள் துள்ளினார்கள். நிந்தவூரிலிருந்து மாப்பிள்ளையின் உம்மா இரண்டு பெட்டி பிஸ்கட்டோடு பார்க்க வந்தா. என் கூரையைப் பார்த்து மாஷா அல்லாஹ் என்றா. பின்வளவுக்குப் போய் வெறும் சுவர்களைப் பார்த்தா. "அப்ப நோன்புப் பெருநாளைக்குச் சரிவராது போல" என்று மெல்லச் சொன்னா. ஹஜ்ஜுப் பெருநாளுக்குப் பிறகு பார்ப்போம் என்று வாப்பா சொன்னார். பார்ப்போம் என்று அவவும் சொன்னா. அதற்குப் பிறகு தங்கச்சியின் கைத்தொலைபேசி முன்போல அடிக்கவில்லை. அவள் அதை மேசையில் கவிழ்த்து வைக்கத் தொடங்கினாள். கலியாணம் நின்றுவிடவில்லை. நடக்கும் என்றும் யாரும் சொல்லவில்லை.

எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. என் கூரை போனால் என் விதி என்று விடலாம். இது அவளுடைய கூரை. அடுத்த மாரிக்கு இதையும் காற்றுக் கொண்டுபோனால் அவளுக்கு நான் என்ன பதில் சொல்வது? என் பெயரிலேயே காப்புறுதி எடுக்க முடிவு செய்து கிளைக்குப் போனேன். அதே அதிகாரி இருந்தார். புயலுக்கும் சேர்த்து எடுத்தால் வாப்பா கட்டியதைப் போல் இரண்டு மடங்கு வரும் என்றார். புயலுக்குப் பிறகு இந்தக் கரை முழுவதற்கும் கூட்டிவிட்டார்களாம். புயலை விட்டுவிட்டு எடுத்தால் மலிவு, நெருப்புக்குக் கிடைக்கும் என்றார். கடலோரத்தில் இருந்துகொண்டு நெருப்புக்கு எடுத்து என்ன செய்வது? புயலுக்கும் சேர்த்தே சரி என்று ஒப்புக்கொண்டேன்.

"டீச்சர், கூரை புதுசு எண்டபடியா சீற் வாங்கின பில் வேணும். இந்த முறை எல்லாம் ஒங்கட பேரில சரியா இருக்கட்டும்."

பில் தங்கச்சியிடம் இருந்தது. கேட்டதும் தன் கலியாணச் சாமான் பெட்டியைத் திறந்து, புதுச் சேலைகளுக்கு அடியிலிருந்து எடுத்துத் தந்தாள். விரித்துப் பார்த்தேன். வாப்பா அதை அவளுடைய பெயரில் போட்டிருந்தார். அவளுக்கு வாங்குகிற எதையும் அவளுடைய பெயரில்தான் வாங்குவார், எனக்கு வாங்கும்போதும் அப்படித்தான் செய்தார். பில்லைக் கொண்டுபோய்க் காட்டினேன். அதிகாரி நெற்றியைத் தடவினார். அப்படியென்றால் அவவிடமிருந்து ஒரு கடிதம் வேண்டும், இந்தச் சீற்றுகளைச் சொந்த மனவிருப்பத்துடன் என் சகோதரிக்குக் கொடுத்துவிட்டேன் என்று எழுதிக் கையொப்பம் வைத்தால் போதும் என்று ஒரு தாளில் மாதிரி எழுதித் தந்தார்.

தங்கச்சி குசினி மேசையில் இருந்து எழுதினாள். அவளுடைய எழுத்து வாப்பாவின் எழுத்துப்போல அழகு. மாதிரியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நிதானமாக எழுதினாள். சீற்றின் எண்ணிக்கை, கடை, திகதி, தன் அடையாள அட்டை இலக்கம், எல்லாம் எழுதிக் கையொப்பம் வைத்து என் பக்கம் தள்ளினாள். வாசித்தேன். இந்தச் சீற்றுகளை என் சகோதரிக்குக் கொடுத்துவிட்டேன் என்று இருந்தது. நடுவில் இருக்க வேண்டிய இரண்டு சொற்கள் இல்லை.

நான் மாதிரியையும் கடிதத்தையும் மாறி மாறிப் பார்ப்பதை அவள் கவனித்தாள்.

"மத்ததெல்லாம் எழுதியிரிக்கன் ராத்தா. பொய் எழுதிக் கையொப்பம் வெக்க எனக்கு ஏலா" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. சொல்லிவிட்டு அடுப்பில் இருந்த கறியைக் கிளறப் போனாள்.

கடிதத்தை மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டு கிளைக்குப் போனேன். அதிகாரி வாசித்துவிட்டு நிமிர்ந்தார்.

"சொந்த மனவிருப்பத்துடன் எண்டு இல்லயே, டீச்சர்?"

"ஓம், இல்ல" என்றேன்.

அவர் என் முகத்தைப் பார்த்தார். பிறகு சீல் குத்தி, கோப்புக்குள் செருகினார். இப்போது அந்தக் கூரை என் பெயரில் இருக்கிறது.